நெளிவு எடுக்க 500 ரூபாயா?



கொஞ்ச நாளாக ஊரில் எங்கே போனாலும் இந்தப் பேச்சுத்தான். தேத்தண்ணிக் கடையில் கேட்டேன். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது கேட்டேன். எங்கள் ஆசிரியர் அறையிலும் கேட்டேன். "சைக்கிள் சில்லு நெளிவு எடுக்க 500 ரூபா கேக்கிறான், பகல் கொள்ளை." "ரெண்டு கம்பி மாத்தினதுக்கு இவ்வளவு சல்லியா?" "நாலு முறுக்கு முறுக்கிறது ஒரு வேலையா?" ஒருவர் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

நான் தலையாட்டவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமையாக வாசித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். சைக்கிள் கடையில் எங்கள் சல்லி அநியாயமாகப் போவது உண்மை. ஆனால் அது போவது நாங்கள் சண்டை பிடிக்கும் அந்தக் கூலியில் அல்ல. கூலியைக் கொடுக்க மனமில்லாமல் நாங்களே தேடிப்போய் வாங்கும் சாமான்களில் போகிறது. கைவேலைக்கு விலை கொடுக்க மறுக்கிற ஊரில் எந்தக் கடைக்காரனும் திருத்த மாட்டான், மாற்றத்தான் சொல்லுவான். அந்தப் பழக்கத்தை அவனுக்குப் பழக்கியவர்கள் நாங்கள்.

முதலில் அந்த "நாலு முறுக்கு" என்ன என்று பார்ப்போம்.

ஒரு சைக்கிள் சில்லைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். வாப்பாமார் ஓடிய பழைய பெரிய சைக்கிளில் முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40 கம்பி. இப்போது வருகிற பல சைக்கிள்களில் இரண்டுக்கும் 36. இந்தக் கம்பிகள் மரத்தூண் மாதிரி ரிம்மைத் தாங்கி நிற்கின்றன என்றுதான் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. அவை கூடாரத்துக் கயிறு மாதிரி எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாதிக் கம்பிகள் ரிம்மை வலப்பக்கம் இழுக்கும், பாதி இடப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுவையும் சமமாக இருக்கும் வரைதான் சில்லு நேராக ஓடும். ஒரு கம்பி உடைந்தால் அந்த இடத்தில் ரிம் மற்றப் பக்கம் சாயும். அதைத்தான் நெளிவு என்கிறோம்.

அதை எடுக்கிறவர் என்ன செய்கிறார்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றுகிறார். நாங்கள் கரும்பலகையில் எழுதுகிற அதே சோக்குக் கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் ஆடாமல் பிடிக்கிறார். நெளிந்த இடத்தில் மட்டும் சோக் படும். அந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியை இறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை இளக்குகிறார். அதுவும் கால் சுற்று, அரைச் சுற்று. கூட முறுக்கினால் பக்கத்தில் நேராக இருந்த இடம் கோணும். பக்கவாட்டு நெளிவு சரியானால் மேல் கீழ்த் துள்ளல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றைச் சரி செய்ய மற்றது கெடும். திரும்பத் திரும்பச் சுழற்றி, கம்பியை விரலால் தட்டி, அதன் சத்தத்தை வைத்தே எது இளகிக் கிடக்கிறது, எது மிஞ்சி இறுகி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காது ஒரு மாதத்தில் வராது.

பின் சில்லு இன்னும் சிரமம். பின் சில்லில் கம்பி பெரும்பாலும் பிரீவீல் இருக்கிற பக்கம்தான் உடையும். ரிம்மை நடுவில் நிறுத்துவதற்காக அந்தப் பக்கத்துக் கம்பிகளைக் கூடுதலாக இறுக்கி வைத்திருப்பார்கள். மிதிக்கிற பலமும், பின் கரியரில் ஏற்றுகிற பாரமும் அங்கேதான் விழும். அந்தக் கம்பியை மாற்ற வேண்டும் என்றால் சில்லைக் கழற்ற வேண்டும், டயர், டியூப் கழற்ற வேண்டும், பிரீவீலைக் கழற்ற வேண்டும். பிறகுதான் கம்பியைக் கோர்க்கலாம். கம்பியின் விலை சின்ன விலைதான். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும் வேலைதான் பெரியது.

இதோடு எங்கள் ஊரின் உப்புக் காற்று. காத்தான்குடியில் இருந்து பொத்துவில் வரைக்கும் கடற்கரையை ஒட்டித்தான் எங்கள் ஊர்கள் எல்லாம். கம்பியும் நிப்பிளும் ஒன்றாகக் கறல் பிடித்து இறுகிவிடும். சாவியை வைத்துத் திருப்பினால் நிப்பிள் வழுக்கும், அல்லது கம்பி முறியும். எண்ணெய் விட்டு ஊற வைத்து, ஒவ்வொன்றாகத் தளர்த்தித்தான் வேலையையே தொடங்க முடியும். அரை மணித்தியாலத்தில் முடிகிற நெளிவும் உண்டு, ஒரு மணித்தியாலம் தாண்டுகிற நெளிவும் உண்டு.

இப்போது அந்த 500 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மதில் கட்ட வந்த மேசன் பாஸுக்கு நீங்கள் கொடுத்த நாட்கூலியை எட்டால் வகுத்துப் பாருங்கள். நான் தொகை சொல்லவில்லை, நீங்களே வகுத்துப் பாருங்கள். மேசன் பாஸுக்குச் சீமெந்தும் மணலும் நீங்கள் இறக்கிக் கொடுக்கிறீர்கள், காலைத் தேத்தண்ணியும் கொடுக்கிறீர்கள், நாள் முழுக்க வேலையும் இருக்கிறது. சைக்கிள் பாஸ் கடை வாடகை, கரண்ட் பில், ஆயுதம் எல்லாம் தன் கையால் போட்டுவிட்டு, ஆள் வருமா வராதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். ஒரு மணித்தியால வேலைக்கு அவர் கேட்பது கொள்ளையா?

நான் கவனித்த ஒரு விசயம். போன் கண்ணாடி மாற்றப் போகிறோம். கடைக்காரத் தம்பி ஒரு விலை சொல்லுகிறார். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று ஒரு தரம் சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுகிறோம். டிஷ் அன்டனா பூட்ட வந்தவர் கேட்டதைக் கொடுக்கிறோம். ஏசி சேர்விஸ் பண்ண வந்தவரிடம் மூச்சே விடுவதில்லை. நிலத்தில் குந்தியிருந்து கிறீஸ் கையோடு வேலை செய்கிற மனிதனிடம் மட்டும் எங்களுக்கு நாக்கு நீளுகிறது. வேலையின் கஷ்டத்தைப் பார்த்து விலை பேசுகிறோமா, வேலை செய்கிறவர் உட்கார்ந்திருக்கிற இடத்தின் உயரத்தைப் பார்த்து விலை பேசுகிறோமா?

குர்ஆனில் 83ஆவது சூரா, சூரத்துல் முதஃப்பிஃபீன். அளவையில் மோசடி செய்கிறவர்களைக் கண்டிக்கிற சூரா. ஜும்ஆவில் அதைக் கேட்டால் நாங்கள் உடனே பலசரக்குக் கடைத் தராசை நினைக்கிறோம். ஆனால் அந்த சூரா தொடக்கத்திலேயே கண்டிப்பது, தனக்கு வர வேண்டியதை நிறைவாக வாங்கிக்கொண்டு மற்றவருக்குக் கொடுக்கும்போது குறைக்கிற குணத்தை. ஒரு மணித்தியாலம் முழு வேலையும் வாங்கிவிட்டு, "இந்தா, முன்னூறு ரூபா வெச்சுக்கங்க காக்கா, ஊராக்கள்தானே" என்று கையில் திணித்துவிட்டு வருகிறோமே, அது எந்தக் கணக்கில் வரும்? தராசு கடைக்காரன் கையில் மட்டும் இருக்கிற சாமான் இல்லை.

சரி, கூலியைக் குறைத்ததால் எங்களுக்கு என்ன லாபம் வந்தது? இங்கேதான் கணக்கு இருக்கிறது. கடைக்குக் கடை விலை மாறும், அதனால் ஒரு உதாரணத்துக்கு இந்தத் தொகைகளை வைத்துக்கொள்ளுங்கள். நெளிவு எடுக்கக் கூலி 500. புது ரிம் 2,500. கம்பி ஒன்று 30 ரூபாய் வீதம் 36 கம்பிக்கு 1,080. புது ரிம்மில் கம்பி கோர்த்து நேராக்கக் கூலி 1,000. ஆகவே ரிம் மாற்றினால் மொத்தம் 4,580 ரூபாய். நெளிவு எடுப்பதை விட ஒன்பது மடங்குக்கும் மேல்.

இப்போது கடைக்காரரின் இடத்தில் இருந்து பாருங்கள். 500 ரூபாய்க் கூலி கேட்டால் வாய்த்தர்க்கம், பேச்சு, ஊரெல்லாம் கெட்ட பெயர், கடைசியில் 300. அதே ஆளிடம் "ரிம் இனிச் சரிவராது, புதுசு போடுங்க" என்று சொன்னால் சத்தமே இல்லை. சாமானுக்கு விலை இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். அந்தச் சாமானில் அவருக்கு லாபம் இருக்கிறது. கறல் பிடித்த நிப்பிளோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை. அவர் எதைச் சொல்லுவார்? திருத்தக் கூடிய ரிம் பழைய இரும்புக்குப் போகிறது. நாங்கள் 200 ரூபாயை மிச்சம் பிடித்த சந்தோசத்தில் 4,580 ரூபாயைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறோம். கூலியும் கொடுப்பதில்லை, ரிம்மும் மாற்றுவதில்லை. "ஓடும் வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அதன் கணக்கையும் பாருங்கள். ஒரு கம்பி உடைந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளில் ஏறும். கொஞ்ச நாளில் அதுவும் உடையும். மூன்று, நாலு போனால் ரிம் எட்டு வடிவத்தில் முறுகும். அதற்குப் பிறகு எந்தப் பாஸ் வந்தாலும் நேராக்க முடியாது. வழியில் டயர் போர்க்கில் உரசி ஓரம் தேயும், பிரேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் தேயும். ஒரு கம்பியோடு முடிந்திருக்க வேண்டிய வேலை ரிம், டயர், கட்டை என்று வளர்ந்து நிற்கும்.

இவ்வளவும் சல்லிக் கணக்கு. என்னை எழுத வைத்தது சல்லிக் கணக்கு அல்ல.

நான் ஒரு ஆசிரியன். காலையில் பாடசாலை வாசலில் கடமைக்கு நிற்கும்போது பிள்ளைகளின் சைக்கிள்களைப் பார்க்கிறேன். நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்கள். எத்தனை சைக்கிளில் முன் பிரேக் கழற்றி விடப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். ஏன் கழற்றினாய் என்று கேட்டால் பிள்ளை சொல்லும் பதில் ஒன்றுதான்: "ரிம் உரசுது சேர், வாப்பா கழட்டி விட்டார்." சில்லு நெளிந்தால் சுற்றுக்கு ஒரு தரம் பிரேக் கட்டையில் உரசும், மிதிக்கப் பாரமாக இருக்கும். நெளிவை எடுக்கக் கூலி வேண்டும். பிரேக்கைக் கழற்றக் கூலி வேண்டாம். ஆகவே பிரேக்கைக் கழற்றுகிறோம்.

அந்தப் பிள்ளை பிரேக் இல்லாத சைக்கிளோடு போகிற ரோடு எது? கல்முனையையும் அக்கரைப்பற்றையும் தாண்டிப் போகிற ஏ4 பிரதான வீதி. கொழும்பு பஸ், டிப்பர், நெல் லொறி, பந்தயம் ஓடுகிற பைக் எல்லாம் போகிற வீதி. மழை நாளில் ரிம் நனைந்தால் நல்ல பிரேக்கே பாதிதான் பிடிக்கும். கழற்றி விட்ட பிரேக் என்ன பிடிக்கும்? செருப்பை ரோட்டில் தேய்த்து நிற்பாட்டுகிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் ஊரே ஜனாஸாவுக்கு வரும், "அல்லாஹ்வின் ஏற்பாடு" என்று சொல்லிக் கலைவோம். களா கத்ரை நம்புகிறோம். அதே மார்க்கம்தான் ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வைக்கவும் சொல்லித் தந்தது.

இன்னொரு பக்கம், சைக்கிள் மூன்று நாள் கடையில் கிடந்தால் மூன்று நாள் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னேரம் டியூட்டரிக்கும் போவதில்லை. வட்டைப் பக்கம் இருந்து வருகிற பிள்ளைக்கு ஓட்டோ பிடித்து வர வசதியில்லை. இடாப்பில் நான் வரவில்லை என்று குறியிடுகிறேன். அந்தக் குறிக்குப் பின்னால் ஒரு உடைந்த கம்பி இருக்கிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

பராமரிப்புக்கு எவ்வளவு போகும் என்று பார்ப்போம். வருடத்துக்கு இரண்டு தரம் நெளிவு எடுத்தால் மேலே சொன்ன உதாரணக் கணக்கில் 1,000 ரூபாய். வருடத்தில் பாடசாலை நடக்கிற நாட்கள் ஏறத்தாழ 200. ஒரு நாளைக்கு 5 ரூபாய். பிள்ளை நேரத்துக்கு வரவும், பிரேக்கோடு வரவும் 5 ரூபாய். இதைத்தான் கொள்ளை என்கிறோம்.

இனிக் கடைக்காரர்களுக்கு. இவ்வளவு நேரமும் உங்களுக்காகக் கதைத்தேன் என்று சந்தோசப்பட்டிருப்பீர்கள். ஊர் மக்கள் உங்களை நம்பாமல் போனதற்கு நீங்களும் காரணம். நான் கண்டதையும் பெற்றோர் என்னிடம் சொன்னதையும் எழுதுகிறேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. செய்கிறவருக்குத் தெரியும்.

சைக்கிளை எடுக்கும்போது விலை சொல்லுவதில்லை. "வெச்சிட்டுப் போங்க, பார்ப்பம்" என்கிறீர்கள். வேலை முடிந்த பிறகு ஒரு தொகை. வந்தவருக்கு வேறு வழியில்லை. மார்க்கத்தில் இஜாரா என்று ஒரு பாடம் இருக்கிறது. கூலிக்கு வேலை பேசினால் என்ன வேலை, என்ன கூலி என்பது இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் அடிப்படை. இருட்டில் பேசிய கூலியால்தான் பாதிச் சண்டை வருகிறது.

மாற்றிய சாமானைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆறு கம்பி மாற்றினேன் என்கிறீர்கள். உடைந்த ஆறு கம்பி எங்கே? கோன் மாற்றினேன் என்கிறீர்கள். பழைய கோனைக் காட்டினால் என்ன? பழையதைக் கையில் கொடுத்தால் கேள்வியே வராது.

பிள்ளையோ பெண்ணோ சைக்கிளைக் கொண்டுவந்தால் ஒரு விலை, வாப்பா வந்தால் ஒரு விலை. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளை கையில் பொத்திக்கொண்டு வருகிற சல்லியில் கூட்டி எடுக்கிற லாபத்தில் பரக்கத் இருக்காது.

ஹப்பைத் திறக்காமலே "கிறீஸ் போட்டாச்சு" என்று வெளியில் பூசிவிடுவது. பழைய பெரிய சைக்கிளின் பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது குண்டு, முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து. அவற்றைக் கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, புதுக் கிறீஸ் வைத்து மூடினால்தான் அது சேர்விஸ். மாரி வெள்ளத்துக்குள்ளால் ஓடிய சைக்கிளின் ஹப்புக்குள் தண்ணியும் மண்ணும் புகுந்திருக்கும். வெளியில் பூசிய கிறீஸ் அடுத்த மழைக்கு முன்னே கோனைத் தின்றுவிடும்.

நாட்டில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி விலையைப் பார்க்கக் கூடியதாக வைக்க வேண்டும் என்றும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதிகாரசபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977. ஊர்ச் சண்டையை அங்கே கொண்டுபோகச் சொல்ல வரவில்லை. ஒரு மட்டையில் நாலு வரி எழுதிக் கடையில் தொங்கவிட்டால் அந்த இலக்கத்துக்கு வேலையே இல்லை.

அந்த மட்டையில் எழுத வேண்டியதும் பெரிய விசயமில்லை. நெளிவு எடுத்தல், முன் சில்லு இவ்வளவு, பின் சில்லு இவ்வளவு. கம்பி மாற்றக் கூலி இவ்வளவு, கம்பி விலை தனி. ஹப் திறந்து கிறீஸ் வைக்க இவ்வளவு. புது ரிம் கோர்க்கக் கூலி இவ்வளவு. கூலி தனியாக, சாமான் தனியாக எழுதுங்கள். அப்போதுதான் சல்லி எங்கே போகிறது என்று வருகிறவருக்கும் விளங்கும், உங்கள் கைக்கு ஒரு விலை இருக்கிறது என்று ஊருக்கும் விளங்கும்.

சாமான் விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிம், கம்பி, பெயரிங் குண்டு இவற்றில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த வற் வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். அந்த வருடம் பெற்றோல் வரிசையில் கிடந்தபோது வீட்டுப் பின்பக்கம் கறல் பிடித்துக் கிடந்த சைக்கிளை எல்லோரும் வெளியே எடுத்தோம். பாஸ்மாரின் வீட்டுக்கே போய்ச் சலாம் சொன்னோம். கியூஆர் வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிளும் பாஸும் மறந்துபோனார்கள். டொலர் விலையைச் சைக்கிள் பாஸ் ஏற்றவில்லை. அவரிடம் பேரம் பேசினால் அது இறங்கப் போவதும் இல்லை.

"சேர், நீங்கள் மாதச் சம்பளக்காரர். கூலிக்குப் போகிறவன் 500 ரூபாயை எங்கே தேடுவான்?" இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. மீன் பெட்டி கட்டி ஓடுகிறவருக்கும், வட்டைக்குப் போகிறவருக்கும் சைக்கிள்தான் ஹலாலான உழைப்பு. அவர்களுக்கு 500 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனால் ஏழைக்கு உதவுகிற கடமையை இன்னொரு ஏழையின் தலையில் கட்டுவது என்ன நீதி? சைக்கிள் பாஸ் ஊரில் பணக்காரரா? ஏழைக்குக் குறைக்க வேண்டும் என்றால் ஊர் சேர்ந்து குறைக்கட்டும். பாஸ் தன் கூலியை முழுதாக எடுக்கட்டும்.

அதோடு, இப்போது கத்திக் கதைக்கிறவர்களில் பாதிப் பேர் ஏழைகள் இல்லை. வீட்டில் இரண்டு பைக் நிற்கிறவர்கள்தான் பிள்ளையின் சைக்கிளுக்கு 200 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் நிற்கிறார்கள். உண்மையான ஏழை பேரம் பேசுவதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிப் போகிறார்.

"யூடியூப் பார்த்து நாங்களே செய்தால் என்ன?" செய்யுங்கள். காற்றடிப்பது, ஒட்டுப் போடுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சரியான சாவி இல்லாமல் குறட்டால் நிப்பிளைத் திருப்பாதீர்கள். மூலை தேய்ந்த நிப்பிளைப் பிறகு யாராலும் திருப்ப முடியாது.

செய்யக் கூடியது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. கம்பி உடைந்த அன்றே, அல்லது அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோங்கள். பிரேக்கைக் கழற்றாதீர்கள். கிழமைக்கு ஒரு தரம் சைக்கிளைத் தூக்கிச் சில்லைச் சுழற்றிப் பாருங்கள், உரசுகிறதா என்று தெரியும்.

2. டயரில் காற்றைக் குறைய விடாதீர்கள். காற்றில்லாத டயரோடு குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்குத்தான். கேஸ் சிலிண்டரையும் அரிசி மூடையையும் பிள்ளைகளின் சைக்கிள் கரியரில் ஏற்றாதீர்கள்.

3. வேலையைத் தொடங்க முன்னர் விலை கேளுங்கள். "திருத்தலாமா, மாற்றத்தான் வேணுமா? ஏன்?" என்று கேளுங்கள். பழைய சாமானை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

4. பேசிய கூலியை வேலை முடிந்த கையோடு முழுதாகக் கொடுங்கள். "நாளைக்குத் தாறன் காக்கா" வேண்டாம். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்க வேண்டாம் என்ற நபிமொழி எங்கள் எல்லோருக்கும் பாடம்.

5. பள்ளி நிருவாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். ஸகாத் நிதியில் தொழில் தெரிந்த ஏழைக்கு ஆயுதம் வாங்கிக் கொடுக்க எங்கள் ஷாபிஈ மத்ஹபில் இடமிருக்கிறது. உலமாக்களிடம் கேட்டு, தகுதியான ஒரு பாஸுக்கு நல்ல சாவிகளும், சில்லு நேராக்கும் ஸ்டான்டும் வாங்கிக் கொடுங்கள். தேவையான பிள்ளைகளின் சைக்கிள் கூலியை ஸதகா நிதியில் கட்டுங்கள். வருடா வருடம் கொப்பி, புத்தகப் பை கொடுக்கிறோம். அந்தப் பை பாடசாலைக்கு வந்துசேர ஒரு சில்லு நேராக இருக்க வேண்டும்.

6. எங்கள் ஆசிரியர் சமூகத்துக்கு. சாதாரண தரத்தில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் என்று ஒரு பாடம் இருக்கிறது. இழுவிசை, உராய்வு, திருகு எல்லாம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறோம். ஒரு நெளிந்த சில்லை வகுப்புக்குள் கொண்டுவந்து, ஊரில் உள்ள ஒரு பாஸை அழைத்து, பிள்ளைகள் முன்னால் நேராக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு கதிரை போடுங்கள். பிள்ளைகள் அவரைச் "சேர்" என்று கூப்பிடட்டும்.

இந்தக் கடைசி விசயத்தை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரதான வீதியில் முன்பு சைக்கிள் கடை இருந்த இடங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். இப்போது அங்கே என்ன கடை இருக்கிறது? மீதியுள்ள பாஸ்மாரில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் இருந்து தொழில் பழகுகிற ஒரு பொடியன் இருக்கிறான்? அவர்களின் மகன்மார் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள், அல்லது பைக் கராஜில் சேர்கிறார்கள். கிறீஸ் கையோடு இருக்கிற வாப்பாவை ஊர் எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்தக் கதிரையில் ஏன் உட்காரப் போகிறான்?

இப்படியே போனால் இன்னும் பத்து வருடத்தில் எங்கள் ஊரில் சாமான் விற்கிற கடை இருக்கும், சில்லை நேராக்கத் தெரிந்த கை இருக்காது. அப்போது ஒரு கம்பி உடைந்தால் முழுச் சில்லையும் வாங்க வேண்டிவரும். பேரம் பேச ஆளும் இருக்காது.

ஆகவே, அடுத்த முறை "500 ரூபாயா?" என்று வாய் வரை வந்தால், நின்று அவர் வேலை செய்வதைக் கடைசி வரைக்கும் பாருங்கள். பிறகு சொல்லுங்கள் கூடவா, குறையவா என்று. கடைக்காரச் சகோதரர்களே, நீங்களும் நாளைக்கே அந்த மட்டையை எழுதித் தொங்கவிடுங்கள். எழுத்துப் பிழை பார்க்க ஆள் தேவையென்றால் என்னிடம் வாருங்கள், சும்மா பார்த்துத் தருகிறேன்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். எந்தக் கடையின் பெயரையும் போட்டு யாரையும் நோகடிக்க வேண்டாம்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளைப் பாதையில் பாதுகாப்பானாக. உழைக்கிற கைகளுக்குப் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.